ஐந்தாவது வீடு

"மேற்படி சமூகவியல் படிப்பினால் என் மகள் தன் வாழ்நாளில் எவ்வித வருமானமும் ஈட்டவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று வாசித்து நிறுத்திவிட்டு, பச்சமுத்து கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். உத்திரமேரூர் நீதிமன்ற வாசலில் புங்கமரத்தின் கீழ் தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர். எத்தனையோ பேருடைய கஷ்டம் அவர் விரல் வழியாகப் போயிருக்கும். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை.

"இன்னொரு வாட்டி படிங்க" என்றேன்.

படித்தார். "பேரு எதுனா தப்பா கீதா சார்?"

"பேரெல்லாம் சரியா கீது."

"அப்போ கீழ ஒரு கையெழுத்து போட்டுடுங்க. சனிக்கெழம பத்து மணிக்கு லோக் அதாலத்து, பாங்கு கடனெல்லாம் அங்கதான் பேசி முடிப்பாங்க. அன்னிக்கு வந்து நின்னுக்கினு பேனா தேடாதீங்க, கூட்டம் நெருக்கித் தள்ளும்."

வீட்டில் காட்டிவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லி எண்பது ரூபாயைக் கொடுத்தேன். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருப்புலிவனம் பேருந்தில் ஏறினேன். செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைக்கு நடுவில் மூன்று நாள் இருந்தது.

அந்த வரி என்னுடையது அல்ல. பச்சமுத்துவுடையதும் அல்ல. வங்கியில் கடன் பிரிவில் இருக்கும் பரிமளா என்கிற பெண் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது. நல்ல பெண். என் மகள் ரேகாவைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். ரேகாவின் இறப்புச் சான்றிதழை நான் நீட்டியபோது அதை உடனே வாங்காமல், முதலில் எழுந்து எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள். ரேகாவின் எம்.ஏ. படிப்புக்காக, சென்னையில் இரண்டு வருட ஃபீசும் ஹாஸ்டலும் சேர்த்து இரண்டு லட்சத்து முப்பதாயிரம் கடன் வாங்கியிருந்தோம். நானும் கூடக் கையெழுத்துப் போட்டவன் என்பதால் இப்போது கடன் என் பேரில் நிற்கிறது. வட்டியோடு மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ஆகியிருந்தது.

"படிச்சவங்க இறந்துட்டாங்க, படிப்பால வருமானமே வரலைன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, நாங்க கமிட்டிக்கு அனுப்பித் தொண்ணூத்தஞ்சாயிரத்துல முடிச்சிடலாம் சார். வருமானம் இருந்ததுன்னு தெரிஞ்சா இவ்வளவு குறைக்க ஒத்துக்க மாட்டாங்க" என்றாள்.

கோவிந்தம்மாளின் சங்கிலியை விற்றால் தொண்ணூற்றைந்தாயிரம் தேறும். மூன்று லட்சத்துக்கு எங்களிடம் இருப்பது ஏரிக்குக் கீழே ஒரு ஏக்கர் நிலம்தான். நான் முப்பது வருடம் ஊர்ப்புற நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தச் சம்பளத்தில் நிலம் வாங்க முடியாது. அது என் தகப்பன் விட்டுப் போனது.

பரிமளா கடன் கணக்கின் நகலை எடுத்துக் கொடுத்தாள். அதில் வரிசையாக ஒன்பது வரவுகள் இருந்தன. ஒவ்வொன்றும் மூவாயிரம். மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடிந்திருந்தது. நான் ஒரு பைசா கட்டியவன் இல்லை.

"இது யாரு கட்டனது?" என்று கேட்டேன்.

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ரொக்கமா கட்டியிருக்காங்க சார். யாருன்னு இதுல வராது. நீங்க கட்டுனதாவே இருக்கட்டும்" என்றாள்.

வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றேன். மார்ச் மாதம். அதற்கு முந்தின மாதம்தான் ரேகா எங்கள் தெருவில் கணக்கெடுக்க வந்தாள்.

ரேகா சமூகவியல் எடுத்தபோது தெருவில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. எனக்கும் நூலகத்தில் எந்த அலமாரியில் அடுக்குவது என்கிற அளவில்தான் தெரியும். பக்கத்து வீட்டில் இருக்கும் என் தம்பி வெங்கடேசன், "நர்சிங்கு சேத்திருந்தா இந்நேரம் ஊசி போட்டே கடன அடச்சிருப்பா. இது படிச்சிட்டு இன்னா பண்றது, யாரு யாருக்கு சொந்தம்னு சொல்றதா? அத நம்ம ஊரு தரகரே சொல்வாரே" என்பான். அவள் சிரிப்பாள். "அதேதான் சித்தப்பா. ஆனா தரகருக்கு கமிஷன் கீது, எனுக்கு இல்ல" என்பாள்.

படிப்பு முடித்து வந்து ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தாள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வை இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் சில மதிப்பெண்களில் போயிற்று. காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் மாதம் எட்டாயிரத்துக்குக் கூப்பிட்டார்கள், பஸ்சுக்கே மூவாயிரம் போய்விடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். அந்த நாட்களில் நான் அவளிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொன்னதில்லை என்று இப்போது எழுதிக்கொள்ளலாம். சொன்னதில்லை என்பது உண்மைதான். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் கைபேசியை அவள் பார்க்கும் இடத்தில் வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவேன். அதுவும் உண்மை.

பிறகு சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு படிவம், படிவத்துக்கு இருநூறு ரூபாய். கிராமங்களில் யார் என்ன வேலை செய்கிறார்கள், எவ்வளவு வருகிறது, எவ்வளவு கடன் என்று கேட்க வேண்டும். ஒரு வருடம் கழித்து அதே வீடுகளுக்குப் போய் மறுபடி அதையே கேட்க வேண்டும். ஸ்கூட்டியில் கூரம், புள்ளலூர் வரைக்கும் போவாள். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கேள்வி கேட்க மாட்டாள். ஒரு வெள்ளைத்தாளில் தெருவை வரைவாள். கோவில், குழாயடி, மூலை வீடு என்று ஒவ்வொன்றாகக் கட்டம் போடுவாள். பிறகு ஒரு முனையிலிருந்து எண்ணி ஒவ்வொரு ஐந்தாவது வீடும் எடுக்க வேண்டும். பூட்டியிருந்தால் மறுபடி வர வேண்டும். திட்டி அனுப்பினால் அப்படியே எழுத வேண்டும். நல்லவர்கள் வீடு, காப்பி கொடுக்கும் வீடு என்று தேர்ந்துகொண்டால் அது கணக்கே இல்லை என்பாள்.

ராத்திரி சாப்பிடும்போது கதை சொல்வாள். ஆள் பேர் சொல்ல மாட்டாள், ஊர் பேரும் சொல்ல மாட்டாள். "மனசுல கீறத அப்படியே சொல்றவங்க தெருவுக்கு ஒருத்தர்கூட இல்ல நைனா. ஆட்ட மறச்சி வச்சிட்டு ஆடே இல்லங்கறாங்க. பின்னாடி அது கத்துது." படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி அவளுக்கு மட்டும் உண்டு என்று அப்போதுதான் சொன்னாள். வீட்டுக்காரர்களிடம் கேட்கக் கூடாது. வெளியே வந்தபிறகு இவளே போட வேண்டும். பதில் அளித்தவர் உண்மையைச் சொன்னதாகக் கருதுகிறீர்களா? ஒன்று, ஆம். இரண்டு, ஓரளவு. மூன்று, இல்லை.

"நீ இன்னா போடுவ?" என்று கோவிந்தம்மாள் கேட்டாள்.

"ரெண்டும் மூணுமா போட்டுக்கினு வரேன். ஜான்சன் சார் திட்டறாரு, ஊரே பொய் சொல்லுதா உனுக்குன்னு." ஜான்சன் அவளுடைய மேற்பார்வையாளர். செங்கல்பட்டுக்காரர்.

மாசி மாதத்தில் எங்கள் ஊர் வந்தது. எங்கள் தெருவில் மேற்கு முனையிலிருந்து எண்ணினால் நாங்கள் ஐந்தாவது வீடு. சொந்த வீடு என்றால் விட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஜான்சன் போனில் சொன்னதாகவும், இதை மாற்றினால் பின்னால் வரும் எல்லா வீடும் மாறிவிடும் சார் என்று இவள் மறுத்ததாகவும் பிறகு தெரிந்தது. அன்று காலை பதினொரு மணிக்கு நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்போடு நின்று, கழுத்தில் அடையாள அட்டையோடு அவள் ஆரம்பித்தாள்.

"வணக்கம். ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்து வரோம். இந்தத் தெருவுல அஞ்சி வூட்டுக்கு ஒரு வூடு எடுத்து கேள்வி கேக்கறோம். நீங்க சொல்றத வெளிய யாருக்கும் சொல்ல மாட்டோம். இஷ்டம் இல்லன்னா சொல்ல வேணாம்."

உள்ளேயிருந்து கோவிந்தம்மாள், "யாரு வந்துக்கீறது?" என்றாள்.

"நான்தாம்மா."

"நீன்னா உள்ள வாயேன்டி. வாசல்ல நின்னுக்கினு இன்னா வணக்கம்?"

ரேகா சிரிக்கவில்லை. உள்ளே வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நைனா, இப்ப ஒரு மணி நேரம் நான் உன் பொண்ணு இல்ல. சரியா? குடும்பத் தலைவர் பேரு?"

"உனுக்குத் தெரியாதா?"

"நீதான் சொல்லணும். நானா எழுதக் கூடாது."

"ஏகாம்பரம்."

வயது, படிப்பு, கூரை, கழிப்பறை, அடுப்பு என்று போனது. "மாடு எத்தினி?"

"நேத்து நீதான தண்ணி காட்டன?"

"எண்ணிக்க சொல்லு."

"ஒண்ணு. கன்னுக்குட்டிய சேத்தா ஒண்ணர."

"அர போட எடம் இல்ல." உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு என்று எழுதினாள். எனக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"இந்தக் குடும்பத்துல சம்பாதிக்கிறவங்க எத்தினி பேரு?"

முந்தின நாள் டீக்கடையில் வெங்கடேசன் சொல்லியிருந்தான். கணக்கெடுக்கிறவர்கள் எழுதிக்கொண்டு போவதெல்லாம் தாலுகா ஆபீசுக்குப் போகிறது, வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கிறார்கள் என்று விழுந்தால் பெண்களுக்கு வரும் மாதம் ஆயிரம் ரூபாயை வெட்டிவிடுவார்கள் என்று. அது வதந்தி என்று எனக்குத் தெரியும். என் மகளே இந்த வேலை செய்கிறாள், தெரியாமலா. ஆனாலும் அச்சடித்த படிவம், முத்திரை, எழுதுகிற பேனா இவற்றைக் கண்டால் எங்களுக்குக் கை தானாகப் பின்னால் போகும். என் தகப்பன் காலத்திலிருந்து கணக்கெடுக்க வந்தவனுக்கு நாங்கள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறோம்.

"ஒருத்தர்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. பேனா மட்டும் நின்றது. "ஒருத்தரா?"

"ஒருத்தர்தான்."

"யாரு?"

"நான்தான்."

எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகும் இருபது கேள்வி இருந்தது. குரல் மாறவேயில்லை. முடிவில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, "நேரம் ஒதுக்கியதுக்கு நன்றிங்க" என்றாள். கோவிந்தம்மாள் மோர் கொண்டுவந்தாள். வேலை நேரத்தில் எந்த வீட்டிலும் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அடுத்தது பத்தாவது வீடு.

அன்று ராத்திரி அவள் அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஆயிரம் ரூபாய்க்காக இந்தத் தெருவே இப்படித்தான் சொல்லும் என்று அவளுக்குத் தெரியாதா, அவள்தானே தினம் சொல்லிச் சிரிக்கிறாள், எனக்கும் ஒரு மூன்று போட்டிருப்பாள் என்று இருந்துவிட்டேன். அவள் எங்களைவிட்டுப் போனபிறகு எனக்கு இருந்த ஒரே பிடிப்பு அதுதான். நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்தது. புள்ளலூரில் இன்னும் ஏழு வீடு பாக்கி இருக்கிறது என்று இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் ஸ்கூட்டியை நிறுத்தவே முடியாமல் வாசலில் சாய்த்துவிட்டு வந்து படுத்தாள். டெங்கு என்றார்கள். செங்கல்பட்டில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். இருபத்தாறு வயது. அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

செவ்வாய் ராத்திரி மனுவைக் கோவிந்தம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எதுவுமே சம்பாதிக்கலன்னா எழுதிக்கீறாங்க?"

"அப்படி எழுதனாத்தான் கொறைப்பாங்களாம்."

"தீபாவளிக்கு எனுக்குப் பொடவ எடுத்தாளே. மோட்டாரு காயில் போனப்போ நாலாயிரத்து ஐந்நூறு யாரு குடுத்தது?"

மோட்டார் பணத்தை அன்று நான்தான் கைநீட்டி வாங்கினேன். வாங்கும்போது அதைச் சம்பாத்தியம் என்று நினைக்கவில்லை. பிள்ளை கையில் சில்லறை இருந்தது, கொடுத்தாள், அவ்வளவுதான்.

"நெலம் போனா சோத்துக்கு இன்னா பண்றது, ரேகா நைனா?" என்றாள். "போட்டுடு. அவ கோச்சிக்க மாட்டா." சொல்லிவிட்டுச் சங்கிலியைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தாள். அது இரண்டு நாளும் அலமாரியில் மனுவின்மேல் கிடந்தது.

நான் என் பாட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைக் கழிக்கும்போது ஒரு பதிவேட்டில் எழுதுவோம், பயன்பாட்டுக்கு உகந்ததல்ல என்று. எழுதி முத்திரை வைத்தால் புத்தகம் கணக்கிலிருந்து போய்விடும். எத்தனையோ எழுதியிருக்கிறேன். இதுவும் ஒரு வரிதான். ஒரு பக்கம் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். இன்னொரு பக்கம் ஒன்பது மூவாயிரம், ஒரு புடவை, மோட்டார் காயில். எப்படிக் கூட்டினாலும் படிப்பு நஷ்டம்தான், வெங்கடேசன் சொன்னது சரிதான். ஆனால் நஷ்டம் என்பது வேறு, ஒன்றுமே இல்லை என்பது வேறு. அந்த வித்தியாசத்துக்கு இரண்டு லட்சம் விலை.

வியாழக்கிழமை காலை ஜான்சன் வந்தார். ரேகாவின் காரியத்துக்கு வந்திருந்தவர்தான், பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூட ஒரு சின்னப் பெண், சுதா என்று பேர், புது ஆள். அவளைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே வந்தார்.

"ரெண்டாவது ரவுண்டு சார். ஒரு வருஷம் ஆயிடுச்சு. உங்க வீட்டை விட்டுடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம், ரேகா இருந்தா விட்டுருக்க மாட்டாங்களேன்னு..." முடிக்கவில்லை. "அந்தப் பொண்ண அனுப்பறது சரியில்லன்னு நானே வந்தேன். இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க."

உட்காரச் சொன்னேன். ஒரு வருடத்துக்கு முன் ரேகா உட்கார்ந்த அதே நாற்காலி. பையிலிருந்து புதுப் படிவத்தையும், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படிவத்தையும் எடுத்து வைத்தார். கோவிந்தம்மாள் அவரைக் கண்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அவர் எழுந்து அவள் பின்னால் போய்க் கதவருகில் நின்று ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினார்.

பழைய படிவம் என் முன்னால் இருந்தது. அவள் கையெழுத்து. எண்களைக் குட்டையாக, இடம் விட்டு விட்டு எழுதுவாள். மாடு, இரண்டு. சம்பாதிக்கிறவர்கள், ஒன்று. அந்த ஒன்றில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதியிருந்தாள். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். அந்த மூன்றைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், சனிக்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் திருப்பினேன்.

பதில் அளித்தவர் உண்மையைச் சொன்னதாகக் கருதுகிறீர்களா?

ஒன்று, ஆம். அதைச் சுற்றி ஒரு வட்டம். சுத்தமான, மூடிய வட்டம்.

என் கணக்கில் தான் சம்பாதிக்காதவள் என்றே அவள் நம்பியிருக்கிறாள். ஜான்சன் திரும்பி வந்து நின்றிருந்தார். நான் பக்கத்தை மூடவில்லை.

"சார்" என்றேன், "போன வாட்டி ஒரு பதிலு தப்பா சொல்லிட்டேன். இப்ப மாத்திக்கலாமா?"

அவர் படிவத்தைப் பார்த்தார். எந்தப் பதில் என்று கேட்கவில்லை. "பழைய ரவுண்டுல கை வைக்க முடியாதுங்க சார். அது போயி சேந்துடுச்சு. இப்ப இருக்கற நெலமைய மட்டும்தான் இதுல எழுதலாம்."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். குடும்பத் தலைவர் பெயர். சொன்னேன். குடும்பத்தில் இப்போது இருப்பவர்கள். இரண்டு என்றேன். மாடு. பசுவும் கன்றும் என்றேன். பக்கத்தைத் திருப்பினார். கேட்காமலேயே எழுதிக்கொள்ளலாமா என்பதுபோல் பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. ரேகாவின் ஆள் அல்லவா, கேட்டார்.

"இப்ப இந்தக் குடும்பத்துல சம்பாதிக்கறவங்க எத்தனை பேர் சார்?"

ஒருத்தர். இந்த முறை அது உண்மை. வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. பின்கட்டில் கோவிந்தம்மாள் பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

மிச்சம் முடிந்ததும் கையெழுத்துக்காகப் பேனாவைக் கொடுத்தார். போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் எழுந்து அலமாரிக்குப் போனேன். சங்கிலியை ஒதுக்கிவிட்டு மனுவை எடுத்துப் பிரித்தேன். மடிப்பு சரியாக அந்த வரியின்மேல் விழுந்திருந்தது. அதன்மேலேயே கோடு இழுத்து வரியை அடித்தேன். ஜான்சன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே அந்தப் பெண் சுதா வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு வெள்ளைத்தாள். ரேகா வரைந்த எங்கள் தெரு. அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஒருமுறை திருப்பிப் பார்த்து, கோவில் எந்தப் பக்கம் என்று தேடி, எங்கள் வாசலில் ஒரு விரலை வைப்பதுபோல் நீட்டினாள். பிறகு வாய்க்குள் எண்ணிக்கொண்டே கிழக்கே நடந்தாள். ஆறு. ஏழு. வெங்கடேசன் வீட்டையும் அடுத்த வீட்டையும் தாண்டிப் பூட்டின ஒரு கதவின் முன் தயங்கினாள், தாளைப் பார்த்தாள், அதையும் ஒரு வீடாக எண்ணிக்கொண்டு மேலே போனாள்.